ஊதாக் கை

மெட்ராஸ் துறைமுகத்துக்குக் கப்பலில் எது எதுவோ வந்து இறங்கும். பர்மா தேக்கு வரும், கோதுமை வரும், ரங்கூன் போய்த் தொலைந்துபோன புருஷன்மார்கள்கூட ஒன்றிரண்டு பேர் வந்து இறங்கியதுண்டு. ஐம்பத்தேழாம் வருஷம் கத்திரி வெயிலில் காய்ச்சல் வந்து இறங்கியது. சிங்கப்பூர்ப் பக்கத்துக் கப்பல் என்றார்கள். கப்பல் பேரைக் கேட்டால் ஆளுக்கு ஒரு பேர் சொன்னார்கள். சுங்கம் கட்டாத அந்தச் சரக்கு ராயபுரம் தாண்டி, காசிமேடு தாண்டி, தண்டையார்பேட்டையில் சந்து சந்தாக நுழைந்து திருவொத்தியூர்க் குப்பத்துக்கு வந்து சேர அதிக நாள் பிடிக்கவில்லை. காலையில் வலைக் கயிறு இழுத்தவன் சாயங்காலம் கோரைப்பாயில் கிடந்து நடுங்கினான்.

புஷ்பவல்லிக்குக் காய்ச்சல் வரவில்லை. காய்ச்சல் வந்த ஊரில் கைப்புண்ணுக்கு மருந்து கேட்கப் போய் மாட்டிக்கொண்டாள், அவ்வளவுதான்.

அவள் கையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். குப்பத்தில் பெரிய வலைக்குச் சொந்தக்காரர் தேசப்பன். அந்த வலை கரைக்கு வந்ததும் யாரும் சட்டென்று மீனைத் தொட்டுவிட முடியாது. வலையின் மடி மணலில் ஏறி, மீன் துள்ளிக்கொண்டு கிடக்கும்போது, கைராசிக்காரி ஒருத்தி குனிந்து முதல் மீனை எடுத்துக் கூடையில் போடவேண்டும். அப்புறம்தான் ஏலம். 'முதக் கை' என்பார்கள். புஷ்பவல்லி தாமோதரனைக் கட்டிக்கொண்டு அந்தக் குப்பத்துக்கு வந்த வருஷம் தற்செயலாக ஒருநாள் அவள் கை வைத்தாள். மறுநாள் வலையில் வவ்வால் மீன் குவிந்தது. அன்றிலிருந்து முதக் கை அவளுடையது. அதற்குக் கூலி கிடையாது. ஆனால் முதக் கைக்காரி தன் கூடைக்கு வேண்டிய மீனை ஏலத்துக்கு முன்னாலேயே பொறுக்கிக்கொள்ளலாம். நல்ல மீன் பொறுக்கினால் நல்ல வீடுகள் வாடிக்கையாகும். குடும்பம் அதில்தான் ஓடியது. தாமோதரன் அதே வலைக்குக் கயிறு இழுக்கிறவன். மீன்பாடு இல்லாத நாளில் அவன் கைக்கு ஒன்றும் வராது, அவள் கூடைதான் அடுப்பை மூட்டும்.

அந்தக் கைக்கு விரல் இடுக்குகளில் எப்போதும் புண். உப்புத் தண்ணியிலும் செதிலிலும் குடலிலும் பொழுதுக்கும் ஊறுகிற கை வேறு எப்படி இருக்கும்? தோல் வெளுத்து, வெந்து, உரிந்து கிடக்கும். தேரடிக்குப் பக்கத்து தர்ம டிஸ்பென்சரியில் ஹுமாயூன் கம்பவுண்டர் சலவைக்கல்லில் அரைத்துத் தரும் வெள்ளைக் களிம்பைத் தடவினால் எரிச்சல் கேட்கும். தேய்த்தால் தோலோடு தோலாகப் போய்விடும், பூசியதே தெரியாது. டப்பா காலியானால் போய் நிற்பாள், அவர் ரொப்பித் தருவார். அவள் மீன் விற்கிற கையை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை.

தாமோதரன் காய்ச்சலில் படுத்த மூன்றாம் நாள் அவள் பாட்டிலும் டப்பாவுமாக டிஸ்பென்சரிக்குப் போனாள். பாட்டில் அவனுடைய காய்ச்சல் மிக்சருக்கு, டப்பா தன் களிம்புக்கு. வரிசை வாசலைத் தாண்டித் தெருமுனை வரைக்கும் நின்றது. ஒரே இருமல், ஒரே முனகல். ஜன்னலுக்கு உள்ளே ஹுமாயூன் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு, பெரிய ஜாடியிலிருந்து சிவப்பு மிக்சரை ஊற்றி ஊற்றித் தோள் இறங்கிப் போயிருந்தார்.

"பாய், மிக்சரு ஊத்திட்டீங்க. டப்பாவும் ரொப்பிக் குடுங்க" என்றாள்.

"களிம்பு கெடையாது, புஷ்பாம்மா."

"இன்னா பாய் சொல்றீங்க? தீந்துட்ச்சா?"

"தீந்தும் போச்சு, அரைக்க ஆளும் இல்லே. நீயே பாரு இந்தக் கும்பலை. ஒரு டப்பா களிம்பு அரைக்கிற நேரத்துல அம்பது பாட்டில் ரொப்பிடுவேன். சலவைக்கல்லுல இப்போ காய்ச்சப் பொடிதான் அரைச்சுக்கினு கீறேன். காய்ச்சல் ஓயற மட்டும் களிம்பு பேச்சே வேணாம்னு டாக்டரம்மா ஆர்டர். சொறி, சிரங்கு, படை, சேத்துப்புண்ணு, எதுவா இருந்தாலும் ஒரே மருந்துதான்."

"எதுவா இருந்தாலுமா?"

"டாக்டரம்மா! மீன்காரம்மா கை!" என்று அவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

டாக்டர் குணசுந்தரி ஒரு கிழவரின் முதுகில் குழாய் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். காய்ச்சல்காரர்களைத் தாண்டி வர அவருக்கும் நேரமில்லை. "கையைத் தூக்கிக் காட்டு" என்றார் அங்கிருந்தே. புஷ்பவல்லி ஓட்டுக் கேட்கிறவன்போல இரண்டு கையையும் தூக்கினாள். "விரலை விரி. ம்... ஊதா. ஈரம் படக்கூடாது." அவ்வளவுதான் வைத்தியம். டாக்டரம்மா திரும்பவும் குழாயைக் காதில் மாட்டிக்கொண்டார்.

ஹுமாயூன் பஞ்சு சுற்றிய குச்சியை ஒரு சீசாவில் முக்கி அவள் விரல் இடுக்கெல்லாம் தடவினார். கத்திரிக்காயைப் பிழிந்த மாதிரி ஊதா. விரலிலிருந்து புறங்கைக்கு வழிந்து மணிக்கட்டு வரைக்கும் போயிற்று. சின்ன சீசா ஒன்றில் மீதி மருந்தும் கொடுத்தார்.

"ஐயயோ, இன்னா பாய் இது? சாயம் தோச்ச மாதிரி கீது! நான் மீனு விக்கறதா, சேட்டுங்க மாதிரி ஓலி ஆடறதா?"

"காயட்டும், துடைக்காதே. தண்ணில கை வைக்காதே."

"தண்ணில கை வைக்காம மீன்காரி இன்னா செய்வா பாய்?"

பின்னால் நின்றவன் இருமிக்கொண்டே பாட்டிலை நீட்டினான். ஹுமாயூன் அவனைப் பார்க்கத் திரும்பிவிட்டார். பாவம், அவர்தான் என்ன செய்வார்?

மறுநாள் காலை தேசப்பனின் வலை கரையேறியது. பல நாள் கழித்து இறங்கிய வலை. இழுக்க வேண்டிய ஆட்களில் பாதிப் பேர் பாயில் கிடக்க, மீதிப் பேர் முக்கி முனகி இழுத்தார்கள். தேசப்பன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மடியையே பார்த்துக்கொண்டு நின்றார். வயசானவர், கெட்டவர் என்று சொல்லமுடியாது. வலையும் கயிறும் வெயிலில் கிடந்து மக்குகிறதே என்ற கவலை அவரை அரித்துக்கொண்டிருந்தது. புஷ்பவல்லி வழக்கம்போலச் சேலையைச் செருகிக்கொண்டு குனிந்தாள்.

"நில்லும்மே" என்றார் தேசப்பன். "இன்னா அது கையில?"

"மருந்து மாமா."

"மருந்தா? மருந்து வெள்ளையா இருக்கும், செவப்பா இருக்கும். ஊதாவுல ஏது மருந்து?"

பக்கத்தில் கூடையோடு நின்ற சிவந்திக்கு வாய் சும்மா இருக்காது. "அது மருந்து இல்லே மாமா. ஓட்டுப் போடச் சொல்லோ விரல்ல மை வச்சாங்களே, அந்த மாதிரி மை. காச்சல் வந்த வூட்டு ஆளுங்களுக்கு சர்க்காரு அடையாளம் வைக்குதாம். அப்பால லாரி வந்து ஏத்திக்கினு பூடுமாம்."

"எவன்மே சொன்னான் உன்கிட்ட?" என்று புஷ்பவல்லி சீறினாள்.

"ஊரே சொல்லுது. நான் இன்னா கனாவா கண்டேன்?"

தேசப்பன் தாடையைச் சொறிந்தார். "ஓட்டுக்கு ஒரு விரல்ல ஒரே ஒரு பொட்டு வச்சான். உனக்குக் கை பூராவும் வச்சிருக்கான்னா எம்மாம் பெரிய சமாச்சாரமோ, யாரு கண்டா? உன்னைக் குத்தம் சொல்லலே புஷ்பா. பாதிப் பேரு படுத்துக் கெடக்கறான். நான் எந்தத் தைரியத்துல உன்னைக் கை வைக்கச் சொல்றது? கை வெளுக்கட்டும், அப்பால பாப்போம். குப்பம்மா, நீ வா."

குப்பம்மா அவருடைய மருமகள், கைக்குழந்தைக்காரி. இடுப்புக் குழந்தையைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டுத் தயங்கித் தயங்கி வந்து, புஷ்பவல்லியை நிமிர்ந்து பார்க்காமல், ஒரு கிழங்கா மீனை எடுத்துக் கூடையில் போட்டாள். ஏலம் ஆரம்பித்தது. அழுதால் அதற்கும் ஒரு கதை கட்டுவாள் சிவந்தி என்று புஷ்பவல்லி அடக்கிக்கொண்டாள். மற்றவர்கள் எடுத்ததுபோக மிஞ்சிய காரப்பொடி என்கிற சில்லறை மீனைக் கூடையில் வாரிக்கொண்டு நடந்தாள்.

வாடிக்கை வீடுகளில் நடந்ததைச் சொன்னால் பொல்லாப்பு. ஒரு வீட்டில் கதவைத் திறந்தவள் கையைப் பார்த்ததும் "இன்னிக்குச் சைவம்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை என்ன சைவம்? அடுத்த வீட்டில் தாழ்ப்பாள் போடுகிற சத்தம் மட்டும் கேட்டது. தண்டையார்பேட்டையில் கடைசியாக ஜஹானாரா வீடு. புருஷன் வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை வைத்திருப்பவர், அவளுக்கு மீன் இல்லாமல் சோறு இறங்காது. புஷ்பவல்லி கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"கூடையை எறக்காம இன்னாத்துக்கு நிக்கறே?"

"பாயம்மா, கையைப் பாத்துத் திட்டக்கூடாது."

ஜஹானாரா முந்தானையை விலக்கிப் பார்த்தாள். பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தாள். "அட, இதுக்கா? ஆட்டுத்தொட்டியில ஆடு அடிச்சா, இன்ஸ்பெக்டரு பாத்துட்டு தொடையில ஊதா சீல் குத்துவாரே, பாத்ததில்லே? சீல் இருந்தாத்தான் எங்க வூட்டுல கறி வாங்குவோம். உன் கை பாஸாயிட்ச்சுன்னு அர்த்தம்!"

அன்றைக்கு முழுக்க நல்ல வார்த்தை சொன்னது அவள் ஒருத்திதான். புஷ்பவல்லிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தது. ஆனால் சாம்பலைத் தொட்டு மீன் உரசக் கையை எடுத்தபோது ஜஹானாரா முகம் மாறியது. "டாக்டரு தண்ணி படக்கூடாதுன்னாரா, இல்லியா? மெய் சொல்லு." புஷ்பவல்லி கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "மீனை அப்பிடியே குடு, நான் ஆஞ்சுக்கறேன். ஆனா எல்லா வூட்டுலயும் இப்பிடிச் சொல்வாங்களா? உனக்குத் தொணைக்கு ஒரு ஆளு வேணும்டி."

ஒரு வீட்டை நம்பிக் கூடை தூக்கமுடியுமா? கை வெளுக்கவேண்டும், முதக் கை திரும்பவேண்டும், அவள் தலைக்குள் வேறெதுவும் ஓடவில்லை. வீட்டுக்கு வந்து புளியைப் போட்டுத் தேய்த்தாள். சவக்காரம் போட்டுத் தேய்த்தாள். கடற்கரை மணலை அள்ளி வைத்துத் தேய்த்தாள். ஊதா கொஞ்சம் மங்கியது. தோல் நிறையப் போயிற்று. மறுநாளும் தேய்த்தாள், அதற்கு மறுநாள் மண்ணெண்ணெய். தாமோதரன் பாயிலிருந்து தலையைத் தூக்கி, "ஏமே, தோலையே உரிச்சுடுவே போலக்கீதே" என்றான். "நீ படுய்யா" என்றாள்.

அந்த வாரக் கடைசியில் வலது கை நடுவிரல் வாழைப்பூ மாதிரி வீங்கியது. நெறி கட்டிக்கொண்டது. சேலை முந்தியைச் செருகக்கூட முடியவில்லை.

டிஸ்பென்சரி வரிசையில் இந்த முறை அவளுக்கு முன்னால் தேசப்பன் நின்றார். அவளைப் பார்த்ததும் இருமிக் காட்டினார். ஜன்னலருகே போய் ஹுமாயூன் காதில் ஏதோ சொன்னார், ஹுமாயூன் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவரைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போனார். காய்ச்சலுக்குத் திரை எதற்கு என்று புஷ்பவல்லி யோசிக்கவில்லை. விரல் விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது.

டாக்டர் குணசுந்தரி அன்று எழுந்து வந்தார். கையைத் தன் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் கண்களுக்குக் கீழே கருவளையம், அவருக்கே காய்ச்சல் வந்து போயிருந்தது.

"என்னம்மா பண்ணி வச்சிருக்கே? மருந்தைத் தேச்சு எடுத்தியா?"

"அம்மா, எனக்கு அந்த வெள்ளைக் களிம்பையே குடுத்துடுங்க. ஒங்களுக்குக் கோயில் கட்டறேன். ஊதாவைப் பாத்தா ஒருத்தரும் மீன் வாங்க மாட்டேங்கறாங்க. வலையில கை வைக்க வுட மாட்டேங்கறாங்க."

"உக்காரு." டாக்டரம்மா ஒரு ஊசி போட்டார். பஞ்சால் புண்ணைத் துடைத்துக்கொண்டே பேசினார். "உன்கிட்ட ஒண்ணு சொல்றேன். இந்தக் காய்ச்சல் வராம இருந்திருந்தா நானும் உனக்கு வெள்ளைக் களிம்பே குடுத்துக்கிட்டு இருந்திருப்பேன். நீ டப்பா நீட்டுவே, அவரு ரொப்புவாரு. எத்தனை வருஷமா தடவறே? ஆறிச்சா? ஈரக் கையில எண்ணெய்ப் பசையைப் பூசி மூடி வச்சா உள்ளே ஊறத்தான் செய்யும். களிம்பு அரைக்க முடியலேன்னுதான் ஊதாவுக்கு மாத்தினேன். மாத்தினப்புறம் பாத்தா, தேய்க்காம காய விட்டவங்களுக்கெல்லாம் ஆறிக்கிட்டு வருது. நான் முன்னாடியே கிட்ட வந்து பாத்து மாத்தியிருக்கணும். அது என் தப்பு. இப்போ நீ செய்யறது உன் தப்பு."

தன் தப்பு என்று டாக்டர் ஒருத்தர் சொல்லிப் புஷ்பவல்லி கேட்டதே இல்லை.

"மருந்து பூசிக் காய விடு. புண்ணு மூடற வரைக்கும் உப்புத் தண்ணி, மீனு, சாம்பல் எதையும் தொடாதே. இன்னொரு தபா இப்பிடி வீங்கினா விரலை எடுக்கும்படி ஆயிடும். அப்புறம் உன் கைராசியை எங்கே வச்சுக்குவே?"

"தொடாம எப்பிடிம்மா சோறு துன்றது?"

"அதுக்கு எங்கிட்ட மருந்து இல்லேம்மா" என்றார் டாக்டரம்மா. வார்த்தை அதட்டலாக இருந்தாலும் கையை அவர் விடவில்லை.

வீட்டில் தாமோதரன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். காய்ச்சல் விட்டுவிட்டது. கால் மட்டும் நிற்கவில்லை. கயிறு இழுக்கிற தெம்பு வர இன்னும் நாளாகும். அவள் கேழ்வரகுக் கூழைக் கரைத்துக் கொடுக்கச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்காரியைக் கெஞ்சவேண்டியிருந்தது. கருவாட்டைச் சுட்டு அவனே பிய்த்துக்கொண்டான். அவளுக்கும் பிய்த்து வைத்தான்.

"யோவ், ஒண்ணு கேட்டா கோச்சுக்குவியா?"

"கேளு."

"உன் கால் நின்னதும் கூடையை நீ தூக்கிக்கினு வா. நான் கூவறேன், பேரம் பேசறேன். மீனை நீ ஆஞ்சு குடு. கை ஆறற மட்டும்."

தாமோதரன் கூழை வைத்துவிட்டான். "இன்னா பேச்சு பேசறே? பொம்பளைங்களோட வரிசையில அருவாமனை போட்டுக்கினு குந்தச் சொல்றியா? தலையில மீன் கூடையா? குப்பமே கைகொட்டிச் சிரிக்கும். பட்டினி கெடந்தாலும் கெடப்பேனே தவிர அந்தக் கலீஜ் வேலை என்கிட்ட ஆவாது."

"கலீஜா?" அவளுக்குச் சுருக்கென்றது. "இம்மாம் நாளு நீ துன்ன சோறு அந்தக் கலீஜ்ல வந்ததுதான்யா."

இரண்டு பேரும் அவரவர் மூலையில் உட்கார்ந்து வெயில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவன் நகர்ந்து வந்து, ஊதா சீசாவைத் திறந்து, பஞ்சைக் குச்சியில் சுற்றி அவள் விரல் இடுக்குகளில் தடவினான். "எரியுதா?" என்றான். எரிந்தது. "இல்லே" என்றாள்.

அந்த நாட்களில் திருவொத்தியூரைப் பார்த்திருக்கவேண்டும்! டிஸ்பென்சரியில் தோல் என்று வாயைத் திறந்தவனுக்கெல்லாம் ஊதாதான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு விரல் இடுக்கில் ஊதா. தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போகிற பெண்களுக்குக் காலில் ஊதா. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களுக்குக் கழுத்தில் ஊதா. தேரடியில் நின்று பார்த்தால் ஊரே எதற்கோ வேஷம் கட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. லாரி மட்டும் வரவே இல்லை. யாரையும் ஏற்றிக்கொண்டும் போகவில்லை. சிவந்தியும் லாரிக் கதையை மெல்ல விட்டுவிட்டாள். அவளுடைய குதிகாலே ஊதாவாகிவிட்டது.

ஆனி பிறந்து காற்று திரும்பிய ஒரு காலையில் தேசப்பனின் வலை கனத்து வந்தது. தெம்பு திரும்பியவர்கள் எல்லாரும் கயிற்றில் இருந்தார்கள். மடி கரைக்கு ஏறும்போதே மணல் வெள்ளியாக மின்னியது. வாளை, சங்கரா, நடுவில் பெரிய பெரிய வவ்வால். காய்ச்சலுக்குப் பின் அப்படி ஒரு பாடு வந்ததில்லை. சனம் கூடிவிட்டது. அதுவரை கடன் வாங்கிக் கூழ் குடித்து நாளை ஓட்டிய புஷ்பவல்லி கைகளைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றாள், பக்கத்தில் தாமோதரன். அவனால் வளைந்து கயிறு இழுக்க இன்னும் முடியவில்லை. வேடிக்கை பார்க்க வந்திருந்தான்.

"குப்பம்மா!" என்றார் தேசப்பன்.

குப்பம்மா நகரவில்லை. முந்தானைக்குள் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாம்மே, கூப்புடறது காதுல வுழலே?"

அவள் கையை மெல்ல வெளியே எடுத்தாள். பத்து விரலும் ஊதா. "கொயந்தைக்குச் சிரங்கு மாமா. மருந்து பூசினேன், அது எனக்கும் ஒட்டிக்கினுது. கழுவினாலும் போவலே" என்று சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

தேசப்பன் சுற்றிலும் பார்த்தார். கூடையோடு நின்ற பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கையை மடக்கினார்கள். பிள்ளை பெற்றவள் எவளால்தான் பூசாமல் இருக்கமுடியும்? ஊதா படாத ஒரு பெண்பிள்ளை கை அந்தக் கரையில் இல்லை. மீன் துள்ளல் அடங்கிக்கொண்டு வந்தது, வெயில் ஏறிக்கொண்டு வந்தது.

"இன்னா மாமா, ஊதாவைப் பாத்து இம்மாம் ரோசனை?" என்றாள் சிவந்தி. "திரைக்குப் பின்னால போய் இடுப்புல பூசிக்கினு வந்தீங்களே, அது இன்னா கலரு?"

கரை முழுக்க ஒரே சிரிப்பு. கயிற்றுக்காரர்கள் மணலில் உட்கார்ந்து சிரித்தார்கள். தேசப்பன் வேட்டியை மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டு, "சீ, வாயை மூடு கஸ்மாலம்" என்றார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அது அடங்கியபிறகு புஷ்பவல்லி நின்ற பக்கம் திரும்பினார்.

"புஷ்பா, நான் சொன்னது தப்புதான். இம்மாம் பேருக்கு முன்னால சொல்றேன். வாம்மே, வந்து கை வை. முதக் கை உன்னுதுதான்."

இந்த வார்த்தைக்காகத்தான் அவள் புளியைப் போட்டுத் தேய்த்தது, மணலைப் போட்டுத் தேய்த்தது. கால் தானாக இரண்டடி முன்னால் போயிற்று. வவ்வால் ஒன்று வாலை அடித்துக்கொண்டு அவளுக்கென்றே கிடந்தது. குனிந்தால் போதும். ஒரு மீன், ஒரு கை உப்புத் தண்ணி, அதில் என்ன ஆகிவிடும் என்று மனசு கேட்டது. ஒரு மீனோடு நிற்காது என்பதும் அவளுக்குத் தெரியும். இன்றைக்கு வைத்தால் நாளைக்கும் வைக்கவேண்டும். நடுவிரல் இப்போதுதான் மடங்குகிறது.

"வேணாம் மாமா" என்றாள்.

"இன்னா வேணாம்? கோவமா?"

"கோவம் இல்லே. டாக்டரம்மா தண்ணியத் தொடாதேன்னாங்க. தொட்டா விரலு பூடும். ராசி பெரிசுதான் மாமா, இல்லேன்னு சொல்லலே. ஆனா கை எனக்கு வேணும்."

இப்படி ஒரு பதிலை அந்தக் கரை கேட்டதில்லை. தேசப்பன் வாய் திறந்தது திறந்தபடி நின்றார்.

அப்போது தாமோதரன் நகர்ந்தான். மெலிந்த கால் மணலில் புதையப் புதைய, ஒருத்தரையும் பார்க்காமல் நடந்து, மடியருகே போய் முழங்காலில் உட்கார்ந்தான். "டேய், நீ ஆம்பளைடா" என்று யாரோ சொன்னார்கள். அவன் காதில் வாங்கவில்லை. திரும்பிப் பெண்டாட்டியைப் பார்த்தான்.

"எந்த மீனும்மே?"

புஷ்பவல்லி மோவாயால் காட்டினாள்.

"இதுவா?"

"இல்லே, அதுக்கு அந்தாண்ட. செவுளு செவப்பாக் கீது பாரு, அது."

அவன் வவ்வாலை இரண்டு கையாலும் தூக்கிக் கூடையில் போட்டான். அப்புறம் தேசப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சரிதான், வையுங்கடா ஏலத்தை!" என்றார். ஏலத்துக்கு முன்னால் புஷ்பவல்லி வாயால் பொறுக்கினாள், தாமோதரன் கையால் எடுத்தான். இது வேணாம், அது வயிறு ஒடைஞ்சது, அந்தச் சங்கராவை எடு, வாளையில சின்னதா ரெண்டு. கூடை நிறைந்ததும் அவன் சும்மாட்டைச் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு, கூடையை ஏற்றச் சொன்னான். சிவந்தி ஒரு பக்கமும் குப்பம்மா ஒரு பக்கமும் பிடித்து ஏற்றினார்கள்.

நெடுஞ்சாலையில் எதிரே வந்தவர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். மீசைக்காரன் ஒருத்தன் தலையில் மீன்கூடை, கழுத்து விறைத்து, முகமெல்லாம் மீன்தண்ணி வழிய, பார்வையை ரோட்டிலேயே வைத்துக்கொண்டு போனான். முன்னால் ஊதாக் கைகளை வீசிக்கொண்டு அவள், "மீனே, வவ்வா மீனே!" என்று தொண்டை கிழியக் கூவிக்கொண்டு போனாள். அவள் குரல் அன்றைக்கு அவ்வளவு தூரம் கேட்டது.

தண்டையார்பேட்டையில் ஜஹானாரா கதவைத் திறந்தாள். கூடையை இறக்கிவைத்துக் குந்தி, சாம்பலைத் தொட்டுக்கொண்டு மீனை எந்தப் பக்கமிருந்து உரசுவதென்று தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவனைப் பார்த்தாள்.

"இன்னாடி, இது யாரு?"

"என் கை, பாயம்மா" என்றாள் புஷ்பவல்லி.